மைனி, உங்களுக்கு ஒரு மகன் வந்திருக்கிறான்

என் பிரியமுள்ள லில்லி மைனிக்கு,

நல்ல சேதியோடு தொடங்க வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். அண்ணன் சுகமாக இருக்கிறார். சர்க்கரை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வீட்டுப் பின்பக்கம் நீங்கள் நட்ட ஏத்தன் வாழை குலை தள்ளிவிட்டது. நல்ல சேதி இவ்வளவுதான்.

மற்றது இது. உங்களுக்கு ஒரு மகன் வந்திருக்கிறான், மைனி. நீங்களும் அண்ணனும் எத்தனையோ வருடம் ஜெபித்து, பிறகு அந்தப் பேச்சையே விட்டுவிட்டீர்கள். இப்போது ஒருவன் வீடு வீடாகப் போய், "நான் லில்லி நர்சுக்க மகன்" என்று சொல்கிறான். கதவு திறக்கிறது. முப்பது வயதுக்குள் இருக்குமாம். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு ஃபைல். பேச்சு ரொம்ப மரியாதையாம்.

அவனை ஊருக்குள் கூட்டி வந்தது நான்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதைப் பிறரும் வாசிக்கப் போகிறார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். மார்த்தாண்டத்துக்கு மேற்கே உள்ள கிராமங்களில் நீங்கள் சுகாதார நர்ஸாக இருந்தீர்கள். ரப்பர் தோட்டத்து மேட்டில் உள்ள ஒற்றை வீட்டுக்கும் நடந்து போய்ப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டீர்கள். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் சேவை மன்றத்தில் பிள்ளைகள் நலன் உங்கள் பொறுப்பு. மாதம் இரண்டாவது ஞாயிறு நாலு மணிக்கு, என் பிளெக்ஸ் கடை மாடியில் கூட்டம். பத்தொன்பது பேர். ஜெபம் உண்டு, போன மாத அறிக்கை வாசிப்பு உண்டு, எல்லாரும் கை தூக்கி ஏற்றுக்கொள்வது உண்டு, கடைசியில் ஏத்தம்பழ பஜ்ஜியும் சாயாவும் உண்டு. பஜ்ஜிக்காகவே வருகிற மூன்று பேரின் பெயரை உங்களுக்காக இங்கே எழுதாமல் விடுகிறேன்.

நீங்கள் ஒரு சட்டம் போட்டீர்கள். மன்றம் எந்தப் பிள்ளைக்கு எதைக் கொடுத்தாலும் படத்தில் பிள்ளையின் முகம் வரக்கூடாது. பிள்ளை கேமராவுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். பெயரும் ஊரும் போடக்கூடாது. நான் சண்டை போட்டேன். முகம் இல்லாத படத்தை எவன் பார்ப்பான் என்று கேட்டேன்.

"அப்பம் உனக்க மூஞ்சியப் போடுலே எட்வினே," என்றீர்கள். "உனக்க மூஞ்சியப் பாத்து ஒருத்தரும் தூக்கிட்டுப் போவ மாட்டாவ."

கூட்டமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. அன்று முதல் நம் மன்றத்துப் படங்களில் வரிசையாக முதுகுகள்தான். இரட்டைச் சடை, எண்ணெய் வைத்த தலை, சட்டைக்கு மேலே தொங்கும் பை. எதிரே நாங்கள் எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்போம். ஊரில் எங்களுக்கு "முதுகு மன்றம்" என்று பெயரே விழுந்தது. பக்கத்து ஊர் மன்றத்துக்காரர்கள் என்னைப் பார்த்தால் முதுகைக் காட்டித் திரும்பி நிற்பார்கள். எனக்கு அது எவ்வளவு எரிச்சல் என்று உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆனபோது, உங்கள் பெயரில் ஏதாவது செய்ய வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னேன். "லில்லி நர்ஸ் நினைவுக் கல்வி உதவி." தகப்பன் இல்லாத பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பையும் புத்தகமும். பத்தொன்பது பேரும் கை தூக்கினோம். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். நானும் துடைத்தேன். அந்த அழுகை பொய் இல்லை, மைனி. அதையாவது நீங்கள் நம்ப வேண்டும்.

பிளெக்ஸ் நான் அடித்தேன். இருபது அடிக்குப் பத்து அடி. நடுவில் நீங்கள், வேலைக்குப் போகும் சேலையில், சிரித்தபடி. சுற்றிப் பன்னிரண்டு முகங்கள். ஒவ்வொரு முகத்துக்குக் கீழும் பெயர், வகுப்பு, பள்ளி, ஊர், "தகப்பனை இழந்தவர்" என்று ஒரு வரி. மேல் மூலையில் மன்றத்துச் சின்னம், ஓரமெல்லாம் தோவாளைப் பூச்சந்தையில் நானே எடுத்த மஞ்சள் செவ்வந்திப் பூக்களின் படம். ஒவ்வொரு பிள்ளையின் கண்ணுக்கும் வெளிச்சம் கூட்டினேன். தூரத்தில் பஸ்ஸில் போகிறவனுக்கும் தெரிய வேண்டும் என்று எழுத்தைத் தடிமனாக்கினேன். மேம்பாலத்துக்கு அடியில் கட்டினோம். எட்டு வாட்ஸப் குரூப்பிலும் போட்டேன்.

உங்கள் சட்டம் அப்போது என் நினைவுக்கு வரவில்லையா? வந்தது. மைனிதான் இல்லையே, இனி யார் கேட்கப் போகிறார்கள் என்றும் நினைத்தேன்.

அண்ணன் ஒருவர்தான் கேட்டார். பாலத்துக்கு அடியில் ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். "அவளுக்க படத்த நடுவுல வச்சிட்டு, சுத்தி பிள்ளையள அடையாளம் காட்டிட்டியேடே," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.

ஒரு மாதம் கழிந்திருக்கும். சுனிதா போன் செய்தாள் (தாய், பிள்ளை இருவர் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன்). உங்களுக்கு அவளைத் தெரியும், அண்டியாபீஸில் முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவள். மகள் அபிஷா ஆறாம் வகுப்பு, பிளெக்ஸில் உங்கள் வலது தோளுக்குப் பக்கத்தில் இருந்த முகம். அந்த நேரம் கடையில் கல்யாண பிளெக்ஸ் ஒன்று பாதியில் நின்று, மெஷின் மையைக் கக்கிக்கொண்டிருந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன்.

"அண்ணா, மன்றத்துல இருந்து ஒரு சாரு வந்தாராம். நான் வேலைக்குப் போயிருந்தேன். பிள்ளைக்கு நோட்டும் புதுச் செருப்பும் குடுத்துட்டுப் போயிருக்காரு. அவரு நம்ம ஆளுதானே?"

"நம்ம ஆளுதான். நீ ஒண்ணும் பயப்படாண்டாம்," என்றேன்.

இப்படிச் சொல்ல எனக்கு எத்தனை நொடி ஆகியிருக்கும்? பத்தொன்பது பேரில் எவராவது போயிருப்பார் என்று நினைத்தேன். அதைவிட, என் பிளெக்ஸைப் பார்த்து யாரோ ஒருவரின் மனம் இளகியிருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அவள் பயந்துதான் கேட்டாள், மைனி. பெற்றவளுக்கு ஏதோ தட்டியிருக்கிறது. அந்தப் பயத்தை எடுத்துப் போட்டவன் நான்.

அந்த மாதக் கூட்டத்தில் இதை எழுந்து நின்று அறிவித்தேன். யாரும், "அது நான்தான்" என்று சொல்லவில்லை. தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டோம். "பெயரை வெளியிட விரும்பாத அன்பருக்கு மன்றத்தின் நன்றி" என்று தீர்மானம் போட்டோம். கை தட்டினோம். அறிக்கைப் புத்தகத்தில் என் கையெழுத்தில் அது இருக்கிறது. உலகத்தில் எந்த மன்றமாவது இப்படி ஒருவனுக்கு நன்றி சொல்லித் தீர்மானம் போட்டிருக்குமா?

அடுத்த மாதக் கூட்டம். போன மாத அறிக்கையை வாசித்து, "ஏற்றுக்கொள்கிறோமா?" என்று கேட்டேன். எல்லாக் கையும் உயர்ந்தது, தேங்காய்ப்பட்டணம் கலீல் பாயின் கை மட்டும் உயரவில்லை. போன மாதம் அவர் வந்திருக்கவில்லை.

"பேரு தெரியாத ஆளுக்கு எப்பிடிவே நன்றி சொன்னிய?" என்று கேட்டார்.

"நம்ம ஆளுதான் பாய்."

"நம்ம ஆளுண்ணா யாரு? இஞ்ச இருக்கவங்கள்ல யாரு போனதுண்ணு கையத் தூக்கட்டு, பாப்போம்."

ஒருவரும் தூக்கவில்லை. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவர்களும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் மற்றவர் போயிருப்பார் என்று ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். பஜ்ஜித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

நான் சுனிதாவுக்குப் போன் போட்டேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பான பெயரை அமுக்கினேன்.

"நானே விளிக்கணும்ணு இருந்தேன் அண்ணா," என்றாள். குரலில் அவ்வளவு மகிழ்ச்சி. "பிள்ளையக் குளிப்பிச்சு ஒருக்கிக் கொண்டு வந்து ரோட்டுல நிக்கேன். இண்ணைக்கில்லியா லில்லி நர்சு நினைவு முகாம்? அஞ்சு மணிக்கு வண்டி வருமாம். ரெண்டு நாளு தங்கிப் படிக்கணுமாமே."

மணி நாலே முக்கால்.

"பிள்ளைக்க கையப் பிடிச்சுக்கோ. விட்டுராத. யாரு வந்தாலும் வண்டியில ஏத்தாத," என்று கத்தினேன். அவள் ஏன் ஏன் என்று கேட்டாள். அதற்குள் நான் மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தேன்.

கலீல் பாய் என் பைக்கின் பின்னால் ஏறினார். எனக்கு ஜெபம் வரவில்லை, மைனி. அவர் பின்னால் உட்கார்ந்து ஏதோ ஓதிக்கொண்டே வந்தது காதில் விழுந்தது, அது இரண்டு பேருக்கும் சேர்த்து இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நெரிசல், கேரளா போகும் லாரிகள், குறுக்கே ஒரு கல்யாண வேன். அந்த வழியில் எனக்கு முன்னால் போன ஒவ்வொரு காரையும் நான் சந்தேகப்பட்டேன்.

ரப்பர் தோட்டத்து வளைவில் சுனிதா நின்றாள். பக்கத்தில் அபிஷா, நாங்கள் கொடுத்த பையின் மேல் உட்கார்ந்திருந்தாள். பையில் உங்கள் படம் அச்சிட்டிருக்கிறது. காலில் புதுச் செருப்பு. அவளைப் பார்த்ததும் பைக்கை ஸ்டாண்டு போடத் தெரியாமல் அப்படியே சாய்த்துவிட்டேன்.

வளைவுக்கு அப்பால் ஒரு வெள்ளைக் கார் நின்றுகொண்டிருந்தது. என்ஜின் அணையவில்லை. எங்களைப் பார்த்திருக்க வேண்டும். அவசரமே இல்லாமல் பின்னால் எடுத்து, திரும்பி, மேட்டில் ஏறிப் போனது. கலீல் பாய் செருப்பை உதறிவிட்டு ஓடினார். அறுபது வயது ஆளால் எவ்வளவு ஓட முடியும்? நம்பர் கிடைக்கவில்லை.

அபிஷாவைத் தனியாகத்தான் ரோட்டில் நிற்க வைக்கச் சொல்லியிருந்தானாம். வேறு பிள்ளைகளும் வருவார்கள், தாய்மார் வர வேண்டாம் என்று சொன்னானாம். சாரிடம் நேரில் ஒரு வார்த்தை நன்றி சொல்ல வேண்டும் என்று சுனிதாவாகத்தான் கூட வந்திருக்கிறாள். நாங்கள் வந்து சேரும் வரை அந்தக் கார் கிட்டே வராமல் நின்றதற்கு அது ஒன்றுதான் காரணம்.

"நர்சம்மாக்க மகன்ணு பிள்ளைட்ட சொல்லியிருக்காரு, அதான் நம்பினேன்," என்றாள். "நீங்களும் நம்ம ஆளுண்ணு சொன்னியளே அண்ணா."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னாள். உங்களுக்கு மகன் இல்லை என்பது நம் தெருவுக்குத் தெரியும், ரப்பர் மேட்டில் இருப்பவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிந்தது பிள்ளைக்கு ஊசி போட வந்த நர்சம்மாவைத்தான்.

இரண்டாம் தடவை வந்தபோது அவன் பிள்ளையிடம் கொடுத்த ஒரு விண்ணப்பத் தாளை வீட்டில் எடுத்துக் காட்டினாள். பிள்ளையின் உயரம், எடை. வீட்டில் யார் யார். தாய் வேலைக்குப் போகும் நேரம், திரும்பும் நேரம். எல்லாவற்றையும் சுனிதா நிரப்பிப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, ஒரு பிரதியைப் பத்திரமாக வைத்திருந்தாள். தாளின் மேலே நம் மன்றத்துச் சின்னம். அதன் ஓரத்தில் ஒரு மஞ்சள் இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் தோவாளையில் எடுத்த செவ்வந்தி. என் பிளெக்ஸைப் போனில் படம் பிடித்து, அதிலிருந்து வெட்டி எடுத்திருக்கிறான். வெட்டும்போது பூவின் நுனி மீதி நின்றுவிட்டது. இருபத்தைந்து வருடமாக இந்தத் தொழில் செய்கிறேன், என் கைவேலை எனக்குத் தெரியாதா?

இன்னொன்றும் உண்டு. செருப்பு அவள் காலுக்கு அச்சாகப் பொருந்தியிருந்தது. அளவு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அபிஷாவுக்குத் தெரியவில்லை. சுனிதா திரும்பி வாசலைப் பார்த்தாள். அவன் முதலில் வருவதற்கு ஒரு வாரம் முன்னால், வாசலில் கிடந்த அபிஷாவின் பழைய செருப்பில் ஒன்று காணாமல் போயிருக்கிறது. நாய் தூக்கிப் போயிருக்கும் என்று நினைத்தார்களாம்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். குழந்தைகள் நலக் குழுவுக்கும் எழுதிக் கொடுத்தோம். விசாரித்த பெண் அதிகாரி பிளெக்ஸின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "பேரு, பள்ளிக்கூடம், ஊரு, அப்பா இல்லண்ணும் எழுதியிருக்கு. அவன் கண்டுபிடிக்கதுக்கு என்ன சார் மிச்சம் வச்சிய?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். களைத்துப்போய்க் கேட்டார்.

பிளெக்ஸை அறுத்து எடுக்க ஓடினேன். அது அங்கே இல்லை. காற்றில் கிழிந்ததை யாரோ கழற்றிக் கொண்டுபோயிருந்தார்கள். நான்கு நாள் தேடி, ஒரு விறகுக் கடையில் மழைக்கு மூடியிருந்ததைக் கண்டுபிடித்தேன். நீங்கள் விறகின் மேல் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். சுற்றிப் பிள்ளைகள். பன்னிரண்டு முகத்தையும் நானே கத்தரித்து எரித்தேன். எட்டுக் குரூப்பிலும் அழித்தேன். ஆனால் எத்தனை பேரின் போனில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அபிஷா மறுபடி பள்ளிக்குப் போகிறாள். சுனிதா அண்டியாபீஸில் நேரத்தை மாற்றிக் கேட்டு, தானே கொண்டு விட்டுக் கூட்டி வருகிறாள். போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அபிஷா கதவைத் திறக்கவில்லை. உள்ளே நின்று, யாரென்று கேட்டாள். சொன்னேன்.

"நர்சம்மா அனுப்பினாங்களா மாமா?"

"இல்ல மக்கா. நானா வந்தேன்."

பிறகு, "நர்சம்மா ஆளத் தெரியாம அனுப்புவாங்களா?" என்று கேட்டாள்.

உங்கள் மேல் அந்தப் பிள்ளைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கைக்குழந்தையாக இருந்தபோது அவள் தொடையில் ஊசி போட்டு, அழுகை நிற்கும்வரை நீங்கள் தோளில் போட்டுக்கொண்டு நடந்ததைச் சுனிதா எனக்குச் சொன்னாள். அந்தக் கதவை இப்போது உங்கள் பெயருக்கு எதிராகச் சாத்த வேண்டியிருக்கிறது.

மற்ற தாய்மாரைப் போனில் எச்சரித்துவிட்டு, அந்த வீடுகளுக்கும் நடந்து போனேன். இரண்டு வீட்டில் அவன் வந்து தண்ணீர் கேட்டிருக்கிறான். ஒரு வீட்டில் தாய் வேலை விட்டு எப்போது வருவாள் என்று கேட்டிருக்கிறான். பன்னிரண்டாவது வீடு முந்தாநாள். அங்கே வாசலில் நின்று நான் உங்கள் பெயரைச் சொல்லவும், "லில்லி நர்சுக்க மகன் நேத்தைக்கு வந்தாரே," என்று சிரித்துக்கொண்டே சொன்னாள், போன் சேதி தெரியாத அந்தப் பிள்ளையின் பெரியம்மா. எல்லாம் நடந்த பிறகு, நான் போவதற்கு முந்தின நாள். அவன் பயந்து ஓடிவிடவில்லை, மைனி. பெயர் இன்னும் வேலை செய்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

போலீஸுக்குச் சொல்லிவிட்டேன். அந்தத் தெருவில் கலீல் பாயும் இன்னும் நாலு பேரும் மாறி மாறி நிற்கிறார்கள். ஆனால் பன்னிரண்டு தெருவிலும் எத்தனை நாள் நிற்க முடியும்?

அதனால் நேற்று அவசரக் கூட்டம் போட்டோம். பஜ்ஜி இல்லை. பத்தொன்பது பேரும் வந்தார்கள், அண்ணனும் வந்தார். உங்கள் பெயரில் உள்ள உதவியை நிறுத்துவது என்று தீர்மானம் வைத்தேன். கை உயரவில்லை. யாருக்கும் மனசு வரவில்லை. கடைசியில் அண்ணன்தான் முதலில் கையைத் தூக்கினார். தூக்கிய கை இறங்கும்வரை நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மைனி, இது என் வாக்கு. இனி உங்கள் பெயரில் ஒரு பென்சில்கூடக் கொடுக்க மாட்டோம். பை இல்லை, முகாம் இல்லை, பிளெக்ஸ் இல்லை, நினைவு நாள் கூட்டம் இல்லை. கூட்ட அறையில் இருந்த உங்கள் படத்தையும் இறக்கிவிட்டேன். இந்தக் கடிதத்தை அச்சடித்து, ஒவ்வொரு வாசலிலும் நின்று நானே உரக்க வாசிப்பேன். லில்லி நர்ஸுக்கு மகன் இல்லை. லில்லி நர்ஸ் யாரையும் அனுப்பவில்லை. அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு யார் வந்தாலும், அது நானாகவே இருந்தாலும், கதவைத் திறக்காதீர்கள். இந்த நாட்டில் உங்கள் பெயரைக் கேட்டதும் கதவுக்குக் கொண்டி போடாத ஒரு வீடுகூட மிச்சம் இருக்கக்கூடாது. அதுவரை நடப்பேன்.

உங்கள் பெயரைச் சொல்லி அந்த வீடுகளுக்குள் நுழைந்த முதல் ஆள்,
உங்கள் கொழுந்தன்,
எட்வின்